பரிசு தரும் விளையாட்டுப் பொறிகள்

கடையில் விலைகொடுத்து வாங்கிய பொம்மையையும் ஆட்டத்தில் வென்ற பொம்மையையும் ஒரு சிறுவன் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. முன்னையது ஒரு பொருள். பின்னையதோ ஒரு வெற்றியின் சின்னம். வாங்கிய பொம்மை உடைந்தால் அவன் சிறிது வருந்தி மறந்துவிடுவான். வென்ற பொம்மை கிழிந்து பஞ்சு வெளிவந்த பின்னரும் அதனை எறிய அவன் மனம் ஒப்பாது. மனித உள்ளத்தின் இந்த இயல்பையே மூலதனமாகக் கொண்டு அமெரிக்கா, பிரித்தானியா, யப்பான் முதலிய நாடுகளில் ஒரு பெருந்தொழில் வளர்ந்திருக்கின்றது. பரிசு தரும் விளையாட்டுப் பொறிகளை நடத்தும் தொழிலே அது.

கடற்கரைகளிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் பெரிய அங்காடிகளிலும் இப்பொறிகள் வரிசையாக வைக்கப்பட்ட கூடங்கள் உண்டு. நாணயத்தையோ, அதற்கு ஈடாக விற்கப்படும் உலோக வில்லையையோ பொறியில் இட்டு ஆடவேண்டும். ஆடுபவர் பெறும் புள்ளிகளுக்கேற்பப் பொறியின் வாயிலிருந்து சிறு சீட்டுக்கள் நாடாப் போல நீண்டு வெளிவரும். அச்சீட்டுக்களைத் திரட்டிக் கூடத்தின் ஒரு புறத்தேயுள்ள கருமபீடத்தில் ஒப்படைத்தால், அவற்றின் தொகைக்கேற்ப ஒரு பரிசு கிடைக்கும். வேறு சில பொறிகள் இடையிலே சீட்டு இன்றி நேரடியாகவே பரிசை வழங்குகின்றன. இக்காலத்தில் பல கூடங்களில் நாணயத்துக்கும் சீட்டுக்கும் பதிலாக மின்னணு அட்டை வந்துவிட்டது. எனினும் ஆட்டத்தின் தத்துவம் மாறவில்லை.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இத்தொழில் ஒரு புதிராகவே தோன்றும். கூடத்தின் உரிமையாளர் நாள்தோறும் பொருள்களை வாரி வழங்குகின்றார், ஆயினும் செல்வராகின்றார். ஆடுபவரோ தாம் செலவிட்ட பணத்தினும் குறைந்த விலையுள்ள பொருளுடன் வெளியேறுகின்றார்; ஆயினும் மகிழ்ச்சியோடு செல்கின்றார்; மீண்டும் வருகின்றார். கொடுப்பவர் இலாபம் அடைவதும், இழப்பவர் மகிழ்ச்சி அடைவதும் ஒருங்கே நிகழ்வது எவ்வாறு? இதற்கு விடை காணவேண்டுமாயின், பொறியின் அமைப்பையும் மனத்தின் அமைப்பையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

இவ்வகை ஆட்டங்களுள் மூத்தவற்றில் ஒன்று ஸ்கீ-போல் எனப்படுவது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள வைன்லண்ட் என்னும் ஊரைச் சேர்ந்த யோசப் சிம்சன் என்பவர் 1908 ஆம் ஆண்டில் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். மரத்தாலான நீண்ட ஓடுபாதை ஒன்றிலே பந்தை உருட்டவேண்டும். பாதையின் முடிவிலுள்ள மேட்டில் ஏறிப் பந்து துள்ளி எழுந்து, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த வளையங்களுள் ஏதேனும் ஒன்றில் விழும். பெரிய வளையத்துக்குக் குறைந்த புள்ளி, சிறிய வளையத்துக்குக் கூடிய புள்ளி என்பது விதி. தொடக்கத்தில் அப்பாதை 30 அடிக்கும் மேற்பட்ட நீளமுடையதாய் இருந்தது. அவ்வளவு தூரம் பந்தை உருட்ட உடல்வலிமை வேண்டியிருந்தமையால், பெண்களும் சிறுவரும் இதனை எளிதில் ஆட இயலவில்லை. 1920 களின் பிற்பகுதியில் பாதை 14 அடியாகக் குறுக்கப்பட்டது. குடும்பத்தினர் அனைவரும் ஆடத்தக்கதாய் அது மாறிற்று. முன்பு ஒரு பாதை அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு பாதைகளை அமைக்கவும் வழி பிறந்தது. 1932 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் நகரில் இவ்வாட்டத்துக்கு ஒரு தேசியப் போட்டியே நடைபெற்றது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வாட்டம் நிலைத்து நிற்பதற்கு அதன் எளிமையே காரணம். எவ்வாறு ஆடுவது என்பதை ஒருவர் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. பக்கத்தில் ஆடுபவரை ஒரு கணம் பார்த்தாலே போதும். ஓர் ஆட்டம் சில நிமிடங்களுள் முடிந்துவிடும். ஆகவே ஒரு நாளில் பலர் ஆடலாம். ஒன்பது பந்துகளை உருட்டுபவர் ஒரு புள்ளியும் பெறாமற் போதல் அரிது. ஆகவே எவரும் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பந்து தவறியபோது அது ஏன் தவறியது என்பது ஆடுபவருக்குத் தெரிகின்றது. சற்று வேகம் கூடிற்று, அல்லது சற்றே இடப்புறம் சாய்ந்தது. அடுத்த பந்தில் அதனைத் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை உடனே பிறக்கின்றது. பின்னர் வந்த பொறிகள் யாவும் இந்த நம்பிக்கையைச் சுற்றியே அமைந்தன.

விளையாட்டே இன்பம் தருவதாயின், பரிசு எதற்கு என்று வினவலாம். இவ்வினாவுக்குக் கணினி விளையாட்டுக்களின் வரலாறு விடை தருகின்றது. நோலன் புஷ்னெல் என்னும் அமெரிக்கர் 1972 ஆம் ஆண்டில் அற்றாரி என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர்; திரையில் ஆடும் மின்னணு விளையாட்டுக்களைப் பொதுமக்களிடையே பரப்பியவர். இளமையில் அவர் யூற்றா மாநிலத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், பந்தெறிந்து பரிசு வெல்லும் ஆட்டங்களை நடத்தும் பகுதியிற் பணிபுரிந்தார். அந்த அனுபவத்தையும் மின்னணு விளையாட்டையும் அவர் ஒன்றுசேர்த்தார். 1977 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் அவர் திறந்த உணவகத்தில், குடும்பத்தினர் உணவு வரும்வரை காத்திருக்கும் வேளையில் பிள்ளைகள் பொறிகளில் ஆடினர். சக் ஈ. சீஸ் என்னும் பெயரில் அது பல கிளைகளாக வளர்ந்தது.

1980 களில் மின்னணு விளையாட்டுச் சாதனங்கள் வீடுகளுக்குள்ளேயே புகுந்தன. முன்னர்க் கூடத்துக்குச் சென்று நாணயம் இட்டு ஆடிய ஆட்டத்தை, பின்னர்ப் பிள்ளைகள் தம் வீட்டுக் கூடத்தில் இருந்தவாறே ஆடினர். வெறும் திரை ஆட்டத்தை நம்பியிருந்த பல கூடங்கள் மூடப்பட்டன. ஆனால் வீட்டிலுள்ள சாதனம் தரமுடியாத ஒன்று கூடத்தில் இருந்தது. கையில் எடுத்து அணைத்துக்கொள்ளக் கூடிய பரிசே அது. மேலும், ஒரு திரை ஆட்டத்தை முற்றக் கற்றுத் தேர்ந்தவன் அதில் அலுப்படைந்துவிடுவான். பரிசு தரும் ஆட்டத்திலோ தேர்ச்சி முடிந்த பின்னும் ஆடுவதற்குக் காரணம் எஞ்சியிருக்கும். இவ்வாறு பரிசுக்காகச் செலவிடப்படும் பணம் உரிமையாளருக்கு நட்டமாகாது, வாடிக்கையாளரை மீண்டும் அழைத்துவரும் முதலீடாகின்றது.

இனி, மனத்தின் பக்கத்தை நோக்குவோம். மனிதன் தன் கைபட்ட காரியத்தில் தனக்கு ஆற்றல் உண்டு என்று எண்ணுபவன். அது வெறும் தற்செயலாய் அமைந்த காரியமாயினும் அவ்வாறே எண்ணுவான். எலன் லாங்கர் என்னும் உளவியல் அறிஞர் 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் இதனை அழகுற எடுத்துக்காட்டினார். ஒரு டொலர் பெறுமதியுள்ள அதிர்ஷ்டச் சீட்டுக்கள் பலருக்கு விற்கப்பட்டன. ஒரு சாரார் தாமே சீட்டைத் தெரிந்தெடுத்தனர். மறு சாராருக்குச் சீட்டு வெறுமனே கொடுக்கப்பட்டது. பின்னர், அச்சீட்டை மீள விற்பதாயின் என்ன விலை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, கொடுக்கப்பட்டதைப் பெற்றவர்கள் சராசரியாக 1.96 டொலர் கேட்டனர். தாமே தெரிந்தெடுத்தவர்களோ 8.67 டொலர் கேட்டனர். இரு சாராரின் வெற்றி வாய்ப்பும் ஒன்றே. தம் கையால் எடுத்தோம் என்ற ஒன்றே சீட்டின் மதிப்பை நான்கு மடங்குக்கு மேலாக உயர்த்திவிட்டது. பொறியிலுள்ள பிடியும் பொத்தானும் ஆடுபவரின் கையில் ஒப்படைக்கப்படுவதன் பயன் இதனால் விளங்கும்.

இரண்டாவது இயல்பு, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசின் மீது உயிர்கள் கொள்ளும் ஈர்ப்பு. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு பல பரிசோதனைகள் நடத்தினார். ஒரு வட்டைப் புறா தன் அலகினாற் கொத்தினால் தானியம் விழும். குறித்த எண்ணிக்கைக்கு ஒரு முறை தவறாது தானியம் கிடைக்குமாயின், புறா தானியத்தைத் தின்றதும் சிறிது ஓய்ந்தே மீண்டும் கொத்தும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்பது நிச்சயமில்லாதபோதோ, அது ஓய்வின்றி விரைவாகக் கொத்தும்; தானியம் வருவது நின்றுவிட்ட பின்னரும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருக்கும். பரிசுப் பொறியின் முன் நிற்கும் மனிதனிடமும் இவ்வியல்பு சிறிதளவேனும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

மூன்றாவது, மயிரிழையில் தவறுதல். பத்து அடிக்கு அப்பால் விழுந்த பந்தைவிட, வளையத்தின் விளிம்பிலே தட்டி வெளியே விழுந்த பந்து மனத்தை அதிகம் வருத்தும். அவ்வருத்தமே அடுத்த நாணயத்தையும் எடுக்கத் தூண்டும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் கிளார்க்கும் அவருடைய துணைவர்களும் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சூதாட்டப் பொறியை ஒத்த ஓர் ஆட்டத்தைச் சிலருக்குக் கொடுத்து, அவர்களுடைய மூளையின் இயக்கத்தைக் கருவி கொண்டு நோக்கினர். மயிரிழையில் தவறியபோது, வெற்றி பெறும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் சில அப்போதும் இயங்கின. தவறியது இனிமையாக இருந்ததென எவரும் கூறவில்லை. ஆயினும் தொடர்ந்து ஆடவேண்டும் என்ற ஆவல் மிகுந்தது. அதிலும், தாமே தெரிவுசெய்து ஆடியபோதுதான் அந்த ஆவல் மிகுதியாகக் காணப்பட்டது. கைக்குள் ஆற்றல் உண்டு என்ற எண்ணமும் மயிரிழையில் தவறிய ஏக்கமும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்பது இதனாற் புலனாகும்.

இவ்வியல்புகள் யாவும் ஒரே பொறியில் ஒருங்கு திரண்டிருப்பதைப் பிரித்தானியக் கடற்கரை நகரங்களிற் காணப்படும் நாணயந் தள்ளும் பொறியிற் காணலாம். கண்ணாடிப் பெட்டியினுள்ளே இரண்டு தட்டுக்கள் படிபோல அமைந்திருக்கும். மேல்தட்டு முன்னும் பின்னும் ஓயாது அசையும். கீழ்த்தட்டில் நாணயங்கள் குவிந்து, விளிம்புக்கு அப்பாலும் சில நீட்டிக்கொண்டு தொங்கும். இன்னும் ஒரு நாணயம் விழுந்தால் அக்குவியல் முழுவதும் சரிந்துவிடும் என்றே பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றும். அந்த ஒரு நாணயத்தை இடும் ஆசையை அடக்குதல் எளிதன்று.

உண்மை நிலை யாது? பொறியினுள்ளே கிடக்கும் நாணயங்களின் அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, நெடுநேரத்தைக் கணக்கிட்டால், உள்ளே எத்தனை நாணயங்கள் இடப்படுகின்றனவோ ஏறக்குறைய அத்தனையே வெளியேறவும் வேண்டும். ஆனால் வெளியேறும் நாணயங்கள் அனைத்தும் ஆடுபவரின் கைக்கு வருவதில்லை. தட்டின் இரு பக்கங்களிலும் கண்ணிற் படாதவாறு அமைந்த பள்ளங்களில் ஒரு பகுதி விழுந்து உரிமையாளரின் பெட்டியைச் சேரும். முன்புறமாக விழுவது மட்டுமே ஆடுபவருக்கு உரியது. இவ்வாறு பொறி எவரையும் ஏமாற்றாமலே, வெறும் பக்கப் பள்ளங்களின் அகலத்தினால், தன் பங்கைப் பெற்றுக்கொள்கின்றது. முன்விளிம்பில் தொங்கும் நாணயங்களை நோக்கும் கண் பக்கவாட்டில் நோக்காதிருப்பதே அதன் வெற்றி.

இதனினும் புகழ்பெற்றது பாரந்தூக்கிப் பொறி. கண்ணாடிப் பெட்டியினுள் பஞ்சுப் பொம்மைகள் குவிந்திருக்க, மேலே ஓர் இடுக்கி தொங்கும். ஆடுபவர் அதனை விரும்பிய பொம்மைக்கு நேராக நகர்த்திப் பொத்தானை அழுத்த, இடுக்கி கீழிறங்கி விரல்களை மடக்கிப் பற்றி மேலெழும். பனாமாக் கால்வாயை அகழ்ந்த நீராவி இயந்திரங்களை மக்கள் வியந்து பேசிய காலத்தை ஒட்டித் தோன்றிய சிறு அகழ்பொறிகளே இதன் மூதாதையர். 1930 களில் இவை அமெரிக்கத் திருவிழாச் சந்தைகளிலும் உணவகங்களிலும் பெருகின. யப்பானிலே சேகா நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த பொறி இவ்வாட்டத்தை அந்நாட்டு இளைஞரின் பெரும் பொழுதுபோக்காக்கிற்று.

இக்காலப் பாரந்தூக்கிப் பொறியின் இடுக்கி, மின்காந்தச் சுருளொன்றினால் இயங்குவது. சுருளிற் பாயும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் பிடி இறுகும், குறைத்தால் தளரும். அவ்வளவை உரிமையாளர் தம் விருப்பப்படி அமைக்கலாம் என்பது பொறிகளோடு வரும் கைந்நூல்களிலேயே கூறப்பட்டுள்ளது. பல பொறிகளில் இடுக்கி பொம்மையை முதலில் இறுகப் பற்றி, மேலே தூக்கிய பின் பிடியைச் சற்றே தளர்த்துமாறு செய்யலாம். பொம்மை காற்றில் எழுந்து, வாயிலை அணுகும் வேளையில் நழுவி விழும். மயிரிழையில் தவறியதாக ஆடுபவர் எண்ணுவது இயல்பே. வேறு சிலவற்றில், பெற்ற பணத்துக்கும் கொடுத்த பரிசுக்கும் உள்ள விகிதத்தைப் பொறியே கணக்கிட்டு, தக்க வேளை வந்ததும் முழுப் பிடியையும் அளிக்கும். அவ்வேளையில் ஆடுபவர் தம் திறமையே வென்றதெனப் பெருமிதங் கொள்வார். பொம்மைகளை நெருக்கி அடுக்குவதும் தளர்வாக அடுக்குவதுங்கூட வெற்றியைக் கடினமாக்கவோ எளிதாக்கவோ வல்லன. திறமை இங்கு முற்றிலும் பயனற்றதென்று கூறுவதற்கில்லை. தவறான இடத்தில் இறங்கும் இடுக்கி எவ்வளவு இறுகினாலும் ஒன்றையும் தூக்காது. ஆனால் திறமை மட்டும் போதும் என்று நம்புவோர் பொறியின் பாதியை மட்டுமே கண்டவராவர்.

இனிச் சீட்டு முறையை நோக்குவோம். வெற்றி பெற்றவருக்குப் பரிசை அப்பொழுதே கொடுத்துவிடாமல், இடையில் ஒரு சீட்டை வைத்தது இத்தொழிலின் மிக நுட்பமான உபாயம். பணத்தைச் செலவிடும்போது அதன் அருமை தெரியும்; சீட்டைச் செலவிடும்போது தெரியாது. ஒரு டொலர் கொடுத்து 25 சீட்டுப் பெற்ற சிறுவனுக்கு, ஒன்று கொடுத்து இருபத்தைந்து பெற்றதாகவே தோன்றும். சீட்டுக்கள் ஒவ்வொன்றாக ஓசையுடன் வெளிவந்து தரையிற் புரளும் காட்சியே ஒரு செல்வப் பெருக்கம்போல் இருக்கும்.

மேலும், சீட்டுச் சேர்ப்பவர் ஓர் இலக்கை நோக்கி நடப்பவராகின்றார். இலக்கு நெருங்க நெருங்க நடை விரைவாகும் என்பது அறிஞர் கண்ட உண்மை. யோசப் நூன்ஸ், சேவியர் ட்ரேஸ் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2006 ஆம் ஆண்டில் இதுபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். மோட்டார் வண்டி கழுவும் நிலையமொன்றின் வாடிக்கையாளர் 300 பேருக்கு அட்டைகள் வழங்கப்பட்டன. ஒரு பாதியினரின் அட்டையில் 8 முத்திரை பெற்றால் ஒரு முறை இலவசமாகக் கழுவலாம். மறு பாதியினருக்கு 10 முத்திரை வேண்டும். ஆனால் 2 முத்திரை முன்னரே குத்தப்பட்டிருந்தது. இரு சாராரும் பெறவேண்டியது 8 முத்திரையே. எனினும் முதற் சாராரில் நூற்றுக்கு 19 பேரும், இரண்டாம் சாராரில் நூற்றுக்கு 34 பேரும் அட்டையை நிறைவு செய்தனர். பயணம் தொடங்கிவிட்டது என்ற உணர்வே அவர்களை நடத்திச் சென்றது. முதல் ஆட்டத்திலேயே நாலைந்து சீட்டுக்களை எவருக்கும் தவறாது வழங்கும் பொறி செய்வதும் இதுவே.

கருமபீடத்தில் பரிசுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையிலும் கருத்துண்டு. கீழ்த்தட்டில் இனிப்பும் அழிறப்பரும் இறப்பர்ப் பந்தும் இருக்கும். பத்துச் சீட்டுடையவனும் ஒன்றை எடுத்துச் செல்லலாம். மேல்தட்டில் துவிச்சக்கர வண்டியோ மின்னணுச் சாதனமோ பல்லாயிரஞ் சீட்டு விலையுடன் ஒளிவீசும். கீழ்த்தட்டு ஏமாற்றத்தைத் தடுக்கின்றது. மேல்தட்டு ஆசையை வளர்க்கின்றது. இரண்டுக்கும் இடையே, 500 சீட்டு விலையுள்ள கரடிப் பொம்மையை நோக்கி நிற்கும் சிறுவனிடம் 480 சீட்டு இருக்குமாயின், அவன் தந்தை மேலும் ஒரு டொலரை எடுக்கத் தயங்குவாரோ?

இங்கே கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தல் நன்று. இத்தகைய கூடங்களில் பொறி பெறும் பணத்தில் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பரிசுக்காக ஒதுக்குவது வழக்கம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு டொலர் என்றும், சராசரியாக 25 சீட்டுக் கிடைக்கும் என்றும், சீட்டொன்றுக்கு உரிமையாளர் ஒரு சதப் பெறுமதியுள்ள பொருள் தருகின்றார் என்றும் வைத்துக்கொள்வோம். 500 சீட்டுக் கரடிப் பொம்மைக்குச் சிறுவன் 20 ஆட்டம் ஆடவேண்டும். 20 டொலர் செலவாகும். அப்பொம்மையை மொத்தமாகக் கொள்வனவு செய்த உரிமையாளர் அதற்குக் கொடுத்தது 5 டொலர். கடையிலே சில்லறையாக வாங்கினால் அதன் விலை 10 டொலராக இருக்கலாம். ஆகவே, சிறுவன் பொம்மைக்கு 10 டொலரும், விளையாடிய இன்பத்துக்கு 10 டொலரும் கொடுத்திருக்கின்றான். ஓர் ஆட்டத்தின் உண்மையான விலை 50 சதம் என்பது இக்கணக்கின் முடிவு. கணக்கைப் போட்டுப் பார்க்காத தந்தை தம் மகன் இலவசமாக ஒரு பொம்மை வென்றதாக எண்ணுவார். கணக்கைக் கசப்புடன் பார்ப்பவர் 20 டொலரும் கொள்ளை போயிற்று என்பார். இரண்டும் உண்மையல்ல.

உரிமையாளருக்கு எஞ்சும் 15 டொலரும் இலாபமாகிவிடுவதில்லை. இடத்தின் வாடகையும் பொறியின் விலையும் பழுதுபார்க்கும் செலவும் ஊழியர் சம்பளமும் மின்கட்டணமும் அதிலிருந்தே போகவேண்டும். ஆனால் அவருக்குச் சாதகமான வேறு வரவுகளும் உண்டு. வீட்டுக்கு எடுத்துச் சென்று மேசையறைக்குள் மறந்துபோன சீட்டுக்களுக்கு அவர் ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. மிகத் தேர்ந்த ஆட்டக்காரன் ஒருவன் பெரும் பரிசை வென்று செல்வதும் அவருக்கு இழப்பன்று. அப்பரிசைத் தூக்கிக்கொண்டு அவன் கூடத்தின் நடுவே செல்லும்போது, காணும் நூறு பேர் பொறியை நாடுவர். அவனுடைய வெற்றிக்கான செலவை அவர்கள் பகிர்ந்து கொள்வர்.

இதனால், பேராசையுள்ள உரிமையாளர் இத்தொழிலில் நிலைப்பதில்லை என்பதும் விளங்கும். எவரும் வெல்லாத பொறியை மக்கள் விரைவில் இனங்கண்டு விலகுவர். யப்பானியக் கூடங்களில், பலமுறை முயன்றும் தோற்ற வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டால், ஊழியர் பெட்டியைத் திறந்து பொம்மையை எளிதில் அகப்படும் இடத்துக்கு நகர்த்திவைப்பதும் உண்டு. அது கருணை மட்டுமன்று. நம்பிக்கை முற்றாக அற்றுப்போனவன் மறுநாள் வரமாட்டான் என்ற வணிக அறிவுமாகும்.

இவ்வாட்டங்களுக்கும் சூதுக்கும் இடையேயுள்ள எல்லை எது என்பது பல நாட்டுச் சட்டங்களையும் வருத்திய வினா. பணயம், தற்செயல், பரிசு ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் சூது பிறக்கின்றது என்பது பொதுவான கொள்கை. 1951 ஆம் ஆண்டில் அமெரிக்கா, சூதாட்டப் பொறிகளை மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதைத் தடைசெய்தபோது பாரந்தூக்கிப் பொறிகளும் அச்சட்டத்தின் பிடியில் அகப்பட்டன. பின்னர் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் இவை சிறுவரும் ஆடத்தக்க வகுப்பில் அடங்குவன. ஆயினும் பாரந்தூக்கிப் பொறிக்குப் பணயம் ஒரு பவுணுக்கும் பரிசு 50 பவுணுக்கும் மேற்படலாகாது. யப்பானில் ஒரு பரிசின் விலை ஏறத்தாழ 800 யென்னுக்கு உட்பட்டிருக்க வேண்டுமென்று இருந்த வரம்பு 2022 ஆம் ஆண்டில் 1000 யென்னாக உயர்த்தப்பட்டது. பரிசு சிறிதாயிருக்கும் வரை ஆட்டம் ஆட்டமாகவே இருக்கும்; பரிசு பெருகப் பெருக அது வேறொன்றாகிவிடும் என்பதே இச்சட்டங்களின் உட்கருத்து.

ஆயினும் சட்டம் பரிசின் விலையை அளக்கலாம். ஆடுபவரின் உள்ளத்தை அளக்க அதனால் இயலாது. 50 சதத்துக்கு ஓர் ஆட்டம் என்று தெரிந்து, கையிலுள்ள 5 டொலருடன் நிறுத்திக்கொண்டு மகிழ்ந்து செல்பவனுக்கு இப்பொறி ஒரு நல்ல பொழுதுபோக்கே. இழந்ததை மீட்பதற்காகவே மீண்டும் நாணயம் இடுபவனுக்கு அதே பொறி சூதின் முதற் பாடமாகின்றது. வேறுபாடு பொறியில் இல்லை. நிறுத்துவதற்கு முன்கூட்டியே ஓர் அளவு வகுத்துக்கொண்டானா என்பதிலேயே உள்ளது.

ஆகவே, பிள்ளைகளைத் தடுத்து விலக்குவதினும் கணக்கிடப் பழக்குதல் சிறந்தது. கூடத்துள் நுழையுமுன் செலவிடும் தொகையை அவர்களே தீர்மானிக்கட்டும். விரும்பிய பரிசுக்கு எத்தனை சீட்டு வேண்டும், ஓர் ஆட்டத்தில் சராசரியாக எத்தனை கிடைக்கின்றது, அப்பரிசின் கடை விலை யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் அவர்களே விடை காணட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது கடினமான கணக்கன்று; பாடநூலிலுள்ள இலாப நட்டக் கணக்கைவிடச் சுவையானதுங்கூட. விடையைக் கண்ட பின்னரும் அவர்கள் ஆட விரும்பினால், தாம் எதனை எவ்விலைக்கு வாங்குகின்றனர் என்பதை அறிந்தே ஆடுவர். வளையத்தை நோக்கிப் பந்து துள்ளும் அந்தக் கணத்தின் இன்பம் அதனால் ஒரு சிறிதும் குறைந்துபோவதில்லை.